எதிர்க்காத்துல முன்னாடி போறவர்: வௌட் வான் ஆர்ட்

(ஒலிப்பதிவைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் தொகுத்திருக்கிறோம். பேச்சு நடையை முடிந்த அளவு அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சைக்கிள் வீரரோட கதை. ஆனா அவர் ஜெயிச்ச ஒரு பந்தயத்துல ஆரம்பிக்கப் போறதில்லை. அவர் ஜெயிக்காம விட்ட ஒரு பந்தயத்துல ஆரம்பிக்கலாம்.

2023 மார்ச் 26. பெல்ஜியத்துல கென்ட்–வெவெல்கெம்னு ஒரு பந்தயம். ஒரே நாள்ல 260 கிலோமீட்டர். மழை, குளிர், பாதி பேர் பாதியிலேயே இறங்கிட்டாங்க. முடிய இன்னும் 50 கிலோமீட்டருக்கு மேல இருக்கும்போது, கெம்மெல்பெர்க் என்ற கருங்கல் பாவிய மேட்டுல ரெண்டு பேர் கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சு போறாங்க. ரெண்டு பேரும் ஒரே டீம், யும்போ–விஸ்மா. ஒருத்தர் பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் லாபோர்த். இன்னொருத்தர் நம்ம ஆள், வௌட் வான் ஆர்ட்.

பின்னாடி யாரும் பிடிக்க முடியாத தூரம். எல்லைக்கோடு வருது. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல வர்றாங்க, சிரிக்கிறாங்க. கோட்டைத் தாண்டும்போது லாபோர்த்தோட சக்கரம் கொஞ்சம் முன்னாடி. வான் ஆர்ட் வேணும்னே விட்டுக்கொடுத்துட்டார். கால்ல தெம்பு இல்லாம விடலை. ரெண்டே நாளைக்கு முன்னாடி இன்னொரு பெல்ஜியம் பந்தயத்துல, இன்னைக்கு உலகத்துலேயே பலசாலின்னு சொல்ற மத்யூ வான் டெர் பூல், தாதேய் போகாச்சர் ரெண்டு பேரையும் கடைசி ஓட்டத்துல தோற்கடிச்சவர் அவர்.

அடுத்த நாள் பெல்ஜியத்துல பெரிய சண்டை. எடி மெர்க்ஸ் உட்பட பழைய சாம்பியன்கள் வெளிப்படையாவே விமர்சிச்சாங்க. மெர்க்ஸ் யாருன்னா, டூர் த ஃபிரான்ஸை 5 தடவை ஜெயிச்சவர், மொத்தம் 525 வெற்றி. அவருக்கு இருந்த பட்டப்பேரே நரமாமிசம் தின்பவர்ங்கிற அர்த்தத்துல வரும். அடுத்தவங்களுக்குன்னு ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்க மாட்டார். அப்படிப்பட்டவருக்கு இது புரியாதது ஆச்சரியமில்லை.

இது பெருந்தன்மையா, பைத்தியக்காரத்தனமா? இதுக்குப் பதில் சொல்லணும்னா முதல்ல சைக்கிள் பந்தயத்துல உண்மையான எதிரி யாருன்னு தெரியணும். அதுக்கு பெல்ஜியம் வரைக்கும் போக வேண்டாம். பாலவனத்தம் போதும்.

ஆடி மாசத்து ரோடு

பாலவனத்தம், விருதுநகர்–அருப்புக்கோட்டை ரோட்டுல இருக்கிற ஊர். தமிழ் படிச்சவங்களுக்கு இது பாண்டித்துரைத் தேவரோட ஜமீன், 1901இல் மதுரையில நான்காம் தமிழ்ச் சங்கம் அமைச்சவர். மத்தவங்களுக்கு பஸ் ஜன்னல்ல கடந்து போற ஒரு கரிசக்காட்டு ஊர். எனக்கு அது சைக்கிள் மிதிச்ச ஊர்.

ஆனி, ஆடியில அங்க மேல்காத்து அடிக்கும். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றதை சென்னையில இருக்கிறவங்க பழமொழியா எடுத்துக்குவாங்க. அந்தக் காட்டுல அது கிட்டத்தட்ட வானிலை அறிக்கை. மானாவாரி நிலம், சம தரை, கண்ணுக்கெட்டின தூரம் தடுப்பே கிடையாது. அங்கங்க சீமைக்கருவேலம் நிக்கிற இடத்துல மட்டும் ரெண்டு நிமிஷம் மூச்சு விடலாம். காலையில அருப்புக்கோட்டைக்குப் பள்ளிக்கூடம் போகும்போது காத்து முதுகுல தள்ளும். சாயங்காலம் திரும்பும்போது அதே காத்து நெஞ்சுல கை வச்சுத் தள்ளும்.

பசங்க என்ன பண்ணுவாங்க? நல்லா மிதிக்கிற ஒருத்தனை முன்னாடி விட்டு, மத்தவங்க அவன் பின்சக்கரத்தை ஒட்டியே வருவாங்க. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. முன்னாடி போறவன் காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போறான், அவன் முதுகுக்குப் பின்னாடி ஒரு ஓட்டை மாதிரி இடம் உருவாகுது. அதுக்குள்ள இருந்தா மிதிக்கிறது பாதி லேசு.

இது வெறும் உணர்வு இல்லை, இயற்பியல். சம தரையில 40 கிலோமீட்டர் வேகத்துல போற வீரரோட சக்தியில பெரும்பங்கு, கிட்டத்தட்ட 80, 90 சதவீதம், காத்தைத் தள்ளுறதுக்கே போயிடும். வேகத்தை ரெண்டு மடங்கு ஆக்கணும்னா காத்துக்கு மட்டும் எட்டு மடங்கு சக்தி வேணும். ஒருத்தர் பின்னாடி ஒட்டிப் போனா அந்தச் செலவுல மூணுல ஒரு பங்கு வரைக்கும் மிச்சம். பெரிய கூட்டத்துக்கு நடுவுல இருந்தா இன்னும் அதிகம் மிச்சம். சைக்கிள் பந்தயத்தோட மொத்த அரசியலும் இந்த ஒரு கணக்குலதான் நிக்குது. தனியா எவ்வளவு பெரிய பலசாலியா இருந்தாலும், பின்னாடி சும்மா உட்கார்ந்து வர்ற சுமாரான ஆள் கடைசி 200 மீட்டர்ல உங்களைத் தாண்டிப் போயிட முடியும்.

அதனாலதான் இது டீம் விளையாட்டு. டூர் த ஃபிரான்ஸ்ல ஒரு டீமுக்கு 8 பேர், 21 நாள் பந்தயம், சுமார் 3,300 கிலோமீட்டர். 8 பேர்ல ஒருத்தர் தலைவர். மத்த 7 பேர் அவருக்காகக் காத்தை வாங்கணும், டீம் கார்ல இருந்து தண்ணி பாட்டில் சட்டைக்குள்ள திணிச்சுக்கிட்டு வந்து கொடுக்கணும், அவர் சக்கரம் பஞ்சர் ஆனா தன் சக்கரத்தைக் கழட்டிக் கொடுக்கணும். இந்த வேலை செய்றவங்களுக்கு ஃபிரெஞ்சுல இருக்கிற பேருக்கு வீட்டு வேலையாள்னு அர்த்தம். பெல்ஜியத்துல பேசுற டச்சு மொழியில இன்னும் நேரடியா ஒரு சொல் இருக்கு: தண்ணி சுமக்கிறவர். தண்ணிக்கு அலைஞ்ச ஊர்க்காரனா எனக்கு அந்தச் சொல்லை ரொம்பப் பிடிச்சுது.

நம்ம பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தை யோசிச்சுப் பாருங்க. ஓடுறது மாடு, ஓட்டுறது சாரதி, கூடவே ஓடி உயிரைக் கொடுக்கிறது துணைச் சாரதி. மைக்ல வர்றது வண்டிக்குச் சொந்தக்காரர் பேரும் ஊர் பேரும்.

பக்கவாட்டுல காத்து அடிச்சா ஆட்டம் வேற. அப்போ பாதுகாப்பான இடம் நேர் பின்னாடி கிடையாது, சாய்வா ஒரு பக்கம் தள்ளி இருக்கும். எல்லாரும் ரோட்டுக்குக் குறுக்கே சாய்வா ஒரு வரிசை போடணும். ரோடு அகலம் முடிஞ்சுட்டா வரிசையில இடம் முடிஞ்சுது. மிச்சம் ஆட்கள் ரோட்டு ஓரத்துல ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா காத்துல தொங்க வேண்டியதுதான். கொஞ்ச நேரத்துல கூட்டம் துண்டு துண்டா உடைஞ்சிடும். பாலவனத்தம் ரோட்டுல இதை முழுசா செஞ்சு பார்க்க முடியாது, பின்னாடி வர்ற பஸ் விடாது. பெல்ஜியத்துல வட கடல் காத்து வயல்வெளியைத் தாண்டி வரும்போது, ரோட்டை மூடிட்டு இதையே நாள் முழுக்கச் செய்வாங்க.

திருவிழா நாடு

பெல்ஜியம் மாதிரி ஒரு குட்டி நாட்டுல ஏன் இத்தனை சைக்கிள் வீரர்கள்னு கேட்டா, ஒரு பதில் திருவிழா. அங்க ஊருக்கு ஊர் மாதா கோயில் திருவிழாவையொட்டி சைக்கிள் பந்தயம் நடத்துற பழக்கம் உண்டு. ஊரைச் சுத்தி சின்னச் சுற்று, அதையே திரும்பத் திரும்ப மிதிக்கணும். சனம் வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கும். விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்குக் கூடுற கூட்டத்துக்கு நடுவுல ஒரு சைக்கிள் பந்தயத்தை வச்சு நினைச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட வந்துடும்.

இதுக்கெல்லாம் உச்சம் ஃபிளாண்டர்ஸ் சுற்று. 1913இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை ஆரம்பிச்ச பந்தயம். இன்னைக்கு அந்தப் பகுதி மக்களுக்கு அது பந்தயத்தை விடப் பெரிய விஷயம், அடையாளம். சைக்கிள் உலகத்துல ஒரு நாள் பந்தயங்கள்ல மிகப் பெரியதுன்னு அஞ்சு பந்தயத்தைச் சொல்வாங்க. அந்த அஞ்சையும் ஜெயிச்சவங்க வரலாற்றுலேயே மூணு பேர்தான். மூணு பேருமே பெல்ஜியம்காரங்க, அதுல ஒருத்தர் மெர்க்ஸ்.

இந்த நாட்டுல, ஹெரென்டல்ஸ்ங்கிற ஊர்ல, 1994 செப்டம்பர் 15 பிறந்தவர் வான் ஆர்ட். அவர் மேல இருந்த எதிர்பார்ப்பு எப்படிப்பட்டதுன்னு இப்போ புரிஞ்சிருக்கும்.

அவர் ரோட்டுல ஆரம்பிக்கலை, சேத்துல ஆரம்பிச்சார். குளிர்காலத்துல நடக்கிற சைக்ளோகிராஸ்னு ஒரு பந்தய வகை இருக்கு. ஒரு மணி நேரம், சேறு, மணல், தடுப்புப் பலகை. மிதிக்க முடியாத இடத்துல சைக்கிளைத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடணும். பெல்ஜியத்துல டிவியில கூட்டம் கூட்டமா பார்க்கிற விளையாட்டு. அதுல 2016, 2017, 2018 மூணு வருஷமும் தொடர்ந்து உலக சாம்பியன் வான் ஆர்ட்.

அங்கேயே அவரோட நிழலும் கிடைச்சுது. நெதர்லாந்து வீரர் மத்யூ வான் டெர் பூல். 2012 ஜூனியர் உலகப் போட்டியில வான் டெர் பூல் முதல், வான் ஆர்ட் ரெண்டாவது. அதுல இருந்து பத்து வருஷத்துக்கு மேல ஒருத்தரை ஒருத்தர் விடலை. ஒருத்தர் இல்லாம இருந்திருந்தா இன்னொருத்தர் அலமாரியில எத்தனை கோப்பை கூடியிருக்கும்னு ரசிகர்கள் இன்னும் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்காங்க. என் கருத்தைக் கேட்டா, ஒருத்தர் இல்லாம இன்னொருத்தர் இவ்வளவு வேகமா ஆகியிருக்கவே மாட்டார்.

2018, 2019

2018 மார்ச்சுல இத்தாலியில ஸ்ட்ராடே பியாங்கே. வெள்ளை மண் ரோட்டுல போற பந்தயம். சியேனா நகரத்துக்குள்ள ஏறுற கடைசி மேட்டுல வான் ஆர்ட்டுக்கு ரெண்டு கால்லயும் தசைப்பிடிப்பு. சைக்கிளோட அப்படியே சரிஞ்சு விழுந்தார். எந்திரிச்சு, தள்ளிக்கிட்டு ஓடி, மறுபடி ஏறி, மூணாவதா வந்தார். அந்த வீடியோ தேடினா கிடைக்கும். பார்க்கும்போது நம்ம கால் இழுக்கும்.

அதே ஏப்ரல் 8, பாரிஸ்–ரூபே. அவர் முதல் தடவையா ஓட்டின ரூபே. அன்னைக்கு அவரோட டீம் தோழர் மைக்கேல் ஹோலார்ட்ஸ் பந்தயத்துக்கு நடுவுல இதயம் நின்னு விழுந்தார். அன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில இறந்துபோனார். வயசு 23.

அந்த வருஷக் கடைசியில அவருக்கும் பழைய டீமுக்கும் ஒப்பந்தத் தகராறு வந்து கோர்ட் வரைக்கும் போச்சு. அது வருஷக்கணக்கா இழுத்த கதை, இன்னைக்கு வேண்டாம். 2019 மார்ச்சுல யும்போ–விஸ்மாவுக்கு வந்து சேர்ந்தார்.

2019 ஜூலை, முதல் டூர் த ஃபிரான்ஸ். பத்தாவது நாள், ஆல்பி நகரத்துக்குப் போற வழியில பக்கக் காத்து. நான் சொன்னேனே, அந்தச் சாய்வு வரிசை. கூட்டம் உடைஞ்சுது, பெரிய தலைகள் சிலரே பின்னாடி மாட்டி ஒன்றரை நிமிஷத்துக்கு மேல இழந்தாங்க. முன்வரிசையில இருந்த வான் ஆர்ட் கடைசி ஓட்டத்துல ஜெயிச்சார். சரியா நாலு நாள் கழிச்சு, போ நகரத்துல தனி ஆளா நேரத்தை எதிர்த்து ஓட்டுற போட்டி. ஒரு வளைவுல ரோட்டோரத் தடுப்புல உரசிச் சிக்கி விழுந்தார். தொடையில ஆழமான வெட்டு. மறுபடி பழைய மாதிரி மிதிக்க முடியுமாங்கிறதே கேள்விக்குறியாச்சு.

2020இல் கொரோனா உலகத்தையே நிறுத்திப் போட்டது அவருக்குக் கிடைச்ச அவகாசம்னுகூட சொல்லலாம். பந்தயங்கள் ஆகஸ்ட்டுல மறுபடி ஆரம்பிச்சப்போ, ஆகஸ்ட் 1 ஸ்ட்ராடே பியாங்கே அவருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி விழுந்த அதே மேடு. ஆகஸ்ட் 8 மிலன்–சான் ரெமோ, அந்த அஞ்சு பெரிய பந்தயத்துல ஒண்ணு, அதுவும் அவருக்கு. அக்டோபர்ல ஃபிளாண்டர்ஸ் சுற்று. கடைசியில ரெண்டே பேர், வான் ஆர்ட்டும் வான் டெர் பூலும். கோட்டைத் தாண்டினப்போ யார் ஜெயிச்சாங்கன்னு அவங்களுக்கே தெரியலை. ஃபோட்டோ பார்த்துத்தான் முடிவு. வான் டெர் பூல்.

78 கிலோ ஆள் மலை ஏறின கதை

இப்போ அவர் உடம்பைப் பத்தி ஒரு விஷயம். மலை ஏறுற சைக்கிள்காரங்க பெரும்பாலும் 60 கிலோ சுமார்ல ஒல்லியா இருப்பாங்க. கடைசி ஓட்டத்துல பாயுறவங்க கனமா இருப்பாங்க, மலையில திணறுவாங்க. வான் ஆர்ட் 6 அடிக்கு மேல உயரம், எடை 78 கிலோ அளவுல. அவர் வெறும் கடைசி ஓட்டக்காரரா இருந்திருக்கணும். ஆனா 2021 டூர்ல மோன் வான்தூ என்கிற மொட்டை மலையை ஒரே நாள்ல ரெண்டு தடவை ஏற வச்ச கட்டத்தைத் தனியா ஜெயிச்சார். அதே டூர்ல நேரப் போட்டியும் ஜெயிச்சார், பாரிஸ்ல கடைசி நாள் கூட்ட ஓட்டத்தையும் ஜெயிச்சார். கிரிக்கெட்ல ஒரே தொடர்ல ஓப்பனிங் இறங்கி சதம், புதுப் பந்துல அஞ்சு விக்கெட், கூடவே விக்கெட் கீப்பிங்னு வச்சுக்கங்க.

இப்படி எல்லாம் வரும்ங்கிறதுதான் அவருக்குச் சிக்கல். ஒரே ஒரு திறமை இருக்கிறவருக்கு டீம்ல ஒரு வேலைதான் கொடுக்க முடியும். எல்லாம் வர்றவருக்கு எல்லா வேலையும் வரும். டீமோட தலைவர் யாருன்னா, மூணு வாரப் பந்தயத்தை மொத்தமா ஜெயிக்கக்கூடிய ஒல்லி மலை ஏறி. 2020 டூர்ல ஸ்லோவேனியாவோட ரோக்லிச். வான் ஆர்ட் தானே ரெண்டு நாள் ஜெயிச்சுக்கிட்டு, மிச்ச நாள்ல அவருக்காக மலை மேல காத்தை வாங்கினார். கடைசிக்கு முந்தின நாள் நேரப் போட்டியில ரோக்லிச் எல்லாத்தையும் போகாச்சர்கிட்ட இழந்தார். மூணு வார உழைப்பு ஒரே மத்தியானத்துல போச்சு.

2022 டூர்தான் இந்தக் கதையோட மையம். அந்த வருஷம் தலைவர் டென்மார்க்கோட யோனாஸ் விங்கெகோர். முதல் மூணு நாளும் வான் ஆர்ட் ரெண்டாவது, ரெண்டாவது, ரெண்டாவது. நாலாவது நாள் மஞ்சள் சட்டை அவர் மேல. கலே நகரத்துக்கு 10 கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு சின்ன மேட்டுல கூட்டத்தைப் பிச்சுக்கிட்டுத் தனியாப் போய் ஜெயிச்சார். அடுத்த நாள் கருங்கல் ரோடு. விங்கெகோரோட சைக்கிள்ல கோளாறு. மஞ்சள் சட்டைங்கிறது மொத்தப் பந்தயத்துல முதல் இடம், அதைப் போட்டவரைச் சுத்தி டீமே காவல் இருக்கும். வான் ஆர்ட் அதைப் போட்டுக்கிட்டே விங்கெகோருக்காக முன்னாடி நின்னு இழுத்தார்.

பிறகு ஜூலை 21, பதினெட்டாவது நாள், ஓத்தாகாம் மலை. வான் ஆர்ட் காலையிலேயே முன்கூட்டி ஓடின குழுவுல போயிட்டார். பைரனீஸ் மலைகளை ஒண்ணு ரெண்டுன்னு தாண்டி, கடைசி ஏற்றத்துல விங்கெகோரும் போகாச்சரும் வந்து சேர்ந்தாங்க. அப்போ வான் ஆர்ட் முன்னாடி வந்து நின்னு மிதிச்சார். 78 கிலோ ஆள், நாள் முழுக்க முன்னாடி இருந்த ஆள், மலை மேல மிதிச்ச மிதியில போகாச்சர் கழண்டுட்டார். உலகத்துலேயே சிறந்த மலை ஏறிகள்ல ஒருத்தர், பச்சைச் சட்டைக்காரரோட பின்சக்கரத்தைப் பிடிக்க முடியாம பின்தங்கினார். விங்கெகோர் அதுக்கப்புறம் தனியாப் போய் அந்த நாளையும், கடைசியில டூரையும் ஜெயிச்சார். வான் ஆர்ட் அன்னைக்கு மூணாவது.

பச்சைச் சட்டை, புள்ளிப் பட்டியல்ல முதல் இடத்துக்கு. அந்த வருஷம் அவர் எடுத்தது 480 புள்ளி, அதுவரைக்கும் யாரும் எடுக்காத எண்ணிக்கை. தானும் ஜெயிச்சு, இன்னொருத்தரையும் ஜெயிக்க வச்ச இப்படி ஒரு டூர் எனக்குத் தெரிஞ்சு வேற யாருக்கும் அமையலை.

சரி, விலை என்ன?

மெர்க்ஸ் தரப்புக்கு ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. வான் ஆர்ட்டோட ரெண்டாமிடப் பட்டியல் நீளமானது. ரோடு உலகப் போட்டிகள்ல மட்டும் நாலு வெள்ளி: 2020இல் ரெண்டு, 2021இல் ஒண்ணு, 2023இல் ஒண்ணு. டோக்கியோ ஒலிம்பிக்ல வெள்ளி. 2022 ரூபேல ரெண்டாவது. லாபோர்த்துக்கு விட்டுக்கொடுத்து ஒரு வாரம் கழிச்சு ஃபிளாண்டர்ஸ் சுற்றுல நாலாவது. அதுக்கு அடுத்த வாரம் ரூபேல, முடிவைத் தீர்மானிக்கிற கல்ரோட்டுல வான் டெர் பூலோட பக்கத்துல இருந்தப்போ பஞ்சர். மூணாவது. 2024இல் ஃபிளாண்டர்ஸுக்கு நாலு நாள் முன்னாடி, மார்ச் 27, பெரிய விபத்து: காரை எலும்பு, நெஞ்செலும்பு, ஏழு விலா எலும்பு. அதே வருஷம் ஸ்பெயின் சுற்றுல மூணு கட்டம் ஜெயிச்சு நல்லா வந்துக்கிட்டிருந்தப்போ மழையில இறக்கத்துல விழுந்து முட்டி போச்சு.

2025 வரைக்கும் அவர் பிறந்த மண்ணோட பந்தயமான ஃபிளாண்டர்ஸ் சுற்று அவருக்குக் கிடைக்கலை. அதனால பெல்ஜியத்துல ஒரு பேச்சு உண்டு: இவருக்குப் பசி பத்தலை, ரொம்ப நல்லவரா இருக்கார். இன்னொருத்தருக்குக் கொடுத்துக்கிட்டே இருந்தா, தனக்கு வேணும்ங்கிற நேரத்துல எடுக்க வராதுன்னு.

நான் இதை நம்பலை. பஞ்சருக்கும் எலும்பு முறிவுக்கும் பசிக்கும் சம்பந்தமில்லை. ஆனா 2025 ஏப்ரல் 2 நடந்ததைச் சொல்லாம இதைக் கடந்து போனா நேர்மையா இருக்காது.

அன்னைக்கு ட்வார்ஸ் டோர் ஃபிளாண்டரென்னு ஒரு பந்தயம். ஒரு வருஷம் முன்னாடி எலும்பெல்லாம் உடைஞ்ச அதே பந்தயம். கடைசியில முன்னாடி நாலு பேர். மூணு பேர் வான் ஆர்ட்டோட டீம், அவரும் சேர்த்து. நாலாவது ஆள் அமெரிக்காவோட நீல்சன் பவ்லெஸ், தனி ஆள். மூணுக்கு ஒண்ணு. பாடப் புத்தகப்படி என்ன செய்யணும்? மூணு பேரும் மாறி மாறிப் பாயணும். ஒவ்வொருத்தரையும் பவ்லெஸ்தான் துரத்தணும், மூணாவது தடவை அவர் கால் விட்டுடும். யாராவது ஒரு தோழர் ஜெயிச்சுடுவார். யாருங்கிறது முக்கியமில்லை.

அவங்க அப்படிச் செய்யலை. ரெண்டு தோழர்களும் வான் ஆர்ட்டுக்காகக் காத்தை வாங்கிக்கிட்டு வந்தாங்க, கடைசி ஓட்டத்துல அவர் ஜெயிக்கட்டும்னு. பின்னாடி சும்மா உட்கார்ந்து வந்த பவ்லெஸ் கடைசியில பாய்ஞ்சார். வான் ஆர்ட் ரெண்டாவது. பந்தயம் முடிஞ்சதும் அவர் யாரையும் கை காட்டலை. கடைசி ஓட்டத்துக்குப் போகலாம்னு முடிவெடுத்தது தான்தான், தப்பு தன் மேலதான்னு கேமரா முன்னாடி ஒத்துக்கிட்டார். வருஷக்கணக்கா மத்தவங்களுக்கு இழுத்தவர், தனக்காக ஒரு நாள் கேட்டார். அந்த நாள் இப்படி முடிஞ்சுது. ஆடிக் காத்துல முன்னாடி போறவனுக்கு என்ன ஆகும்னு கணக்கு முன்னாடியே சொல்லிடுச்சு. அன்னைக்கு முன்னாடி போனது அவர் தோழர்கள்.

ரெண்டு மாசம் கழிச்சு

2025 மே, இத்தாலிச் சுற்று. ஒன்பதாவது நாள் சியேனால முடியுது, அவர் 2018இல் சரிஞ்ச அதே சந்து. அங்கே ஜெயிச்சார். 

மே 31, இருபதாவது நாள். டீம் தலைவர் இங்கிலாந்தோட சைமன் யேட்ஸ், மொத்தத்துல மூணாவது இடம். முதல் இடத்துல மெக்ஸிகோவோட ஐசக் டெல் டோரோ, 21 வயசு. யேட்ஸ் 1 நிமிஷம் 21 விநாடி பின்னாடி. ஏற வேண்டியது ஃபினெஸ்ட்ரே மலை, மேல பாதி மண் ரோடு. அந்த மலையில யேட்ஸுக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. 2018இல் இளஞ்சிவப்புத் தலைவர் சட்டையோட வந்து அங்கதான் எல்லாத்தையும் இழந்தார்.

வான் ஆர்ட் காலையிலேயே முன்குழுவுல போயிட்டார். மூணு வருஷம் முன்னாடி ஓத்தாகாம்ல போன அதே மாதிரி. பின்னாடி யேட்ஸ் பாய்ஞ்சு தனியா ஏறினார். டெல் டோரோவும் ரெண்டாமிடத்துல இருந்த கராபாஸும், யார் துரத்துறதுன்னு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. இருவருக்கும் காத்தை வாங்க மனசில்லை. மலை உச்சியைத் தாண்டினதும் யேட்ஸுக்காக ஒரு உயரமான ஆள் காத்துக்கிட்டு இருந்தார். அந்தப் பள்ளத்தாக்கு ரோட்டுல வான் ஆர்ட் முன்னாடி, யேட்ஸ் பின்னாடி. இடைவெளி ஏறிக்கிட்டே போச்சு. அடுத்த நாள் ரோம்ல யேட்ஸ் மொத்தப் பந்தயத்தையும் ஜெயிச்சப்போ வித்தியாசம் 3 நிமிஷம் 56 விநாடி.

இந்த டீம் 2024 செப்டம்பர்லேயே வான் ஆர்ட்டோட ஓட்டக் காலம் முடியுற வரைக்கும் ஒப்பந்தம் போட்டுடுச்சு. ஏன்னு கேட்டா அந்தப் பள்ளத்தாக்கு வீடியோவைக் காட்டலாம்.

பார்க்க ஆரம்பிக்கணும்னா எங்கே இருந்துன்னு கேட்பீங்க. 2022 ஓத்தாகாம், 2025 ஃபினெஸ்ட்ரே, ரெண்டையும் அடுத்தடுத்துப் பாருங்க. முழுசா வேண்டாம், கடைசி ஒரு மணி நேரம் போதும். மூணாவதா 2025 ஜூலை 27, டூரோட கடைசி நாள். பாரிஸ்ல மோன்மார்த்ர் குன்றை மூணு தடவை ஏற வச்சாங்க. மழை, வழுக்குற கல் ரோடு. டூரை ஏற்கனவே கையில வச்சிருந்த போகாச்சர் மஞ்சள் சட்டையோட முன்குழுவுல இருந்தார். மூணாவது ஏற்றத்துல வான் ஆர்ட் பாய்ஞ்சார். போகாச்சர் கழண்டார். அதுக்கப்புறம் கோடு வரைக்கும் முன்னாடி யாரும் இல்லை, பின்னாடியும் யாரும் இல்லை. டூர்ல அவருக்கு அது பத்தாவது கட்ட வெற்றி.

அடுத்த எபிசோடுல ரூபேயோட அந்தக் கருங்கல் ரோட்டை யார் பராமரிக்கிறாங்கங்கிற கதையோட வர்றேன்.